என் வீட்டில் தங்கிய வெளிநாட்டுக்காரி

வாப்பா மௌத்தான செய்தி எனக்குச் சிங்கப்பூரில் காலை ஏழு மணிக்கு வந்தது. அங்கிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். திருச்சியில் இறங்கித் தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று காரில் வந்தால் மூன்று மணி நேரத்தில் கடலோரத்து எங்கள் ஊர். அன்றைக்கு முற்பகலில் ஒரு விமானம் இருந்தது, அதில் இடமும் இருந்தது. மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் சொல்லியிருந்தார்கள். கிளம்பியிருந்தால் வாப்பாவைத் தூக்குவதற்கு முன்னால் முகம் பார்த்திருப்பேன்.

கிளம்ப முடியவில்லை. நான் வெளிநாட்டுக்காரி. வெளிநாட்டுக்காரி இந்தியாவுக்குள் நுழைய விசா வேண்டும். கம்ப்யூட்டரில் மனு நிரப்ப உட்கார்ந்தேன். வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டு ஒரு பட்டியல் விரிந்தது. ஊர் சுற்றிப் பார்க்க, நண்பர்களையும் உறவினர்களையும் சந்திக்க, யோகா கற்றுக்கொள்ள. வாப்பாவின் மையித்தைப் பார்க்க என்று அதில் இல்லை. உறவினரைச் சந்திக்க என்பதை அழுத்தினேன். சந்திக்க வேண்டிய உறவினர் அதற்குள் குளிப்பாட்டப்பட்டு வெள்ளைத் துணியில் கிடந்தார். விசா வந்தது மூன்றாம் நாள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் படுத்திருந்த கட்டிலைக்கூடக் கழுவிக் காயவைத்திருந்தார்கள்.

யாரைத் திட்டுவது? என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். என் மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயத்தில் நானும் கணவரும் சிங்கப்பூர்ப் பிரஜைகள் ஆனோம். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தோம். அப்படிக் கொடுத்தவர்களுக்கு இந்தியா ஆயுசுக்கும் செல்லுகிற ஒரு கார்டு தருகிறது. அது இருந்தால் விசா வேண்டாம், நினைத்த நேரத்தில் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். கணவர் வாங்கிவிட்டார். எனக்கும் வாங்கச் சொல்லிப் பத்து வருஷம் நச்சரித்தார். "எங்க ஊருக்கு நான் போக எனக்கு எதுக்குக் கார்டு? எங்க வாப்பா வீட்டுக் கதவைத் தட்டிக் கார்டைக் காட்டணுமா?" என்று வாய்கிழியப் பேசினேன். கேட்கிறவர்கள் ரசித்தார்கள். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை விசா எடுத்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போவதற்கு அது போதுமானதாகவும் இருந்தது.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கூத்து முழுசாகப் புரியாது. எங்கள் ஊரில் பெண் கல்யாணமாகி மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கல்யாணத்தின்போதே வீட்டைப் பெண்ணின் பேருக்கு எழுதிவிடுவார்கள். நான் ஒரே பிள்ளை. ஆகவே வாப்பா பினாங்கில் சம்பாதித்துக் கட்டிய அந்த மாடி வீடு இருபத்திரண்டு வயதிலேயே என் பேருக்கு வந்துவிட்டது. வாப்பாவும் உம்மாவும் அதற்குப் பிறகு என் வீட்டில்தான் இருந்தார்கள், சட்டப்படி பார்த்தால்.

வாப்பா போனதும் உம்மா இத்தாவில் உட்கார்ந்தார்கள். கணவன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. ஹாலுக்கு நடுவே ஒரு பச்சைத் திரைச்சீலையைக் கட்டினார்கள். சமையல் கேஸ் கொண்டுவருகிறவர் வாசலிலிருந்தே "ஆம்பளை வர்றேன்மா" என்று குரல் கொடுப்பார், உம்மா திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு மாமி பகலில் வந்து இருப்பார். மற்றபடி அவ்வளவு பெரிய வீட்டில் உம்மா தனி. ஐம்பது வருஷம் சேர்ந்து இருந்த மனுஷன் போன பிறகு, வெளியே காலெடுத்து வைக்கவும் முடியாமல், திரைக்குப் பின்னால் தனியாக. நான் அந்த நாலு மாதம் பத்து நாளும் உம்மாவோடு இருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

என் விசாவோ தொண்ணூறு நாள். அதற்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் குற்றம். நான் வந்தது மூன்றாம் நாள் என்பதால், எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் கடைசியில் முப்பத்தைந்து நாளுக்கு உம்மாவுக்கு நான் இல்லை.

இதில் வேலை வேறு. நான் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் இருபது வருஷமாகக் காகிதம் சரிபார்க்கிறேன். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிற பெட்டியில் வெங்காயம் இருந்தாலும் டயர் இருந்தாலும், எங்கே ஏற்றியது, யாருடையது, எதற்காகப் போகிறது, எத்தனை நாள் துறைமுகத்தில் கிடக்கலாம் என்பதற்கெல்லாம் தாள் இருக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தால் பெட்டி நகராது. என் கையிலிருந்து தாள் சரியில்லாமல் போன பெட்டி கிடையாது என்று எனக்கு அங்கே பேர் உண்டு. அதை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

வாப்பாவுக்காக ஒரு வாரம் லீவு கொடுத்தார்கள். மேற்கொண்டு நாலு மாதம் கேட்டால் வேலையே போய்விடும். என் வயசில் இன்னொரு வேலை கிடைக்காது. ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேனே என்று மேலாளரிடம் கேட்டேன். அந்தப் பெண்மணி நல்லவர்தான், ஆனால் ஆபீஸ் ஒரு படிவம் அனுப்பியது. நீங்கள் இருக்கும் நாட்டில் வேலை செய்ய உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது என்பதை உறுதி செய்யுங்கள் என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு கட்டம். என் பேரிலுள்ள வீட்டில், நான் பிறந்த அறைக்கு மேல் மாடியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கட்டத்தை அரை மணி நேரம் பார்த்தேன். பிறகு ஆமாம் என்று அழுத்தினேன்.

அழுத்திவிட்டுத்தான் கேட்கப் போனேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான், செய்துவிட்டு அப்புறம் வக்கீலிடம் போவோம். தஞ்சாவூரில் இந்த விசா விவகாரமெல்லாம் பார்க்கிற வக்கீல் ஒருவர் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டூரிஸ்ட் விசாவுல வேலை பார்க்கக் கூடாதும்மா."

"நான் இங்க யார்கிட்டயும் வேலை பார்க்கலீங்களே. கம்பெனி அங்க, சம்பளம் அங்க, வரி அங்க."

"அது வாஸ்தவம். அப்படிப் பார்த்தா இது வேலையில்லை."

"அப்ப பார்க்கலாமா?"

"ஆனா நீங்க உக்காந்திருக்கறது இங்க. அப்படிப் பார்த்தா வேலைதான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதெல்லாம் சட்டம் எழுதறப்ப இல்லாத விஷயம்மா. வேலைக்குப் போறதுன்னா ஆள் போவான், ஆள் போனா கண்ணுக்குத் தெரியும். இப்ப ஆள் ஒரு இடம், வேலை ஒரு இடம். யாரும் கேக்காத வரைக்கும் தப்பில்லை."

"கேட்டா?"

"கேட்டா, கேக்கறவரைப் பொறுத்தது."

இதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். சிரித்துவிட்டு, எழுதித் தருகிற அளவுக்குத் தனக்கு இதில் தெளிவில்லை என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரத்தநாடு வரை வயலெல்லாம் நடவு முடிந்திருந்தது. எங்கள் பக்கம் கடைமடை. தண்ணீர் வந்து சேர இன்னும் பத்து நாள் ஆகும் என்று பக்கத்து சீட்டில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள்.

விசாவில் போய் வேலை பார்ப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஊரில் பாதி வீடு அப்படி எழும்பியதுதான். வாப்பா முதன்முதலில் பினாங்குக்குப் போனது சொந்தக்காரரைப் பார்க்கப் போகிற பாஸில். பார்க்கப் போன சொந்தக்காரரின் மளிகைக் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தார். சோதனைக்கு ஆள் வருகிறது என்று தெருமுனையிலிருந்து சத்தம் வந்தால், வேலைக்காக இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் தாவி, கூடையை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளராக நின்று கத்தரிக்காய் பொறுக்குவாராம். ஒருநாள் வந்த அதிகாரி போகவே மனமில்லாமல் நின்றதால் வாப்பா வேறு வழியில்லாமல் நாலு கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. இதை அவர் சொல்லும்போதெல்லாம் உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஆகவே எங்கள் ஊரில் எல்லோருக்கும் இரண்டு பாடம் மனப்பாடம். வெளிநாட்டில் அதிகாரி கேட்டால் வேலையை மறை, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல். ஊரில் அதிகாரி கேட்டால் வேலையைச் சொல், சத்தமாகச் சொல். பாஸ்போர்ட் விசாரணைக்கு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தால் டீயும் எங்கள் ஊர் இறால் வாடாவும் வைத்து, மகன் துபாயில் இன்ன கம்பெனி, மருமகன் புருனையில் இன்ன கடை என்று ஒப்பித்து, அடையாள அட்டையின் நகலையும் எடுத்து நீட்டுவார்கள். வேலையில்லாதவன் என்று எழுதிவிட்டால் காகிதம் நகராது என்று பயம். இந்த இரண்டு பாடமும் என்றைக்கும் ஒன்றோடொன்று மோதியதில்லை, ஏனென்றால் வெளிநாடு எப்போதும் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

காலை ஆறரைக்கு மாடியேறுவேன், அங்கே அப்போது ஒன்பது மணி. கேபிள் டிவிக்காரர் இழுத்துக் கொடுத்த இன்டர்நெட், கரண்ட் போனால் இன்வெர்ட்டர். மூன்று மணி வரை மேலேதான். முதல் நாள் மத்தியானம் சாப்பிட இறங்கியபோது உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், வந்தும் உங்களோடு உட்கார முடியவில்லையே என்று.

"நீ மேல இங்கிலீஷ்ல பேசிக்கிட்டே இரு" என்றார்கள். "உன் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா வீட்டுல ஆள் இருக்கற மாதிரி இருக்கு. வாப்பா ரேடியோ போட்டு வச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி."

உம்மாவுக்கு என் வேலை என்பது வெறும் வேலையில்லை. அவர்கள் எனக்காகத் தெருவோடு போட்ட சண்டையில் ஜெயித்ததற்கு அத்தாட்சி அது. ஊருக்குள் டெலிபோன் பூத்தும் டிஷ் ஆன்டெனாவும் வந்துகொண்டிருந்த காலம். பட்டுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் இடம் ஒன்று திறந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி அங்கே போனது நான்தான் முதல். பஸ் நிறுத்தம் வரை உம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கூட வருவார்கள். தெருவில் வேறொரு மாமி, "பொட்டப் புள்ள டைப் அடிச்சு எந்தக் கப்பலை ஓட்டப் போவுது?" என்று கேட்டார். நான் கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த செய்தி வந்த அன்று உம்மா அந்த வீட்டுக்கே போய் இனிப்புக் கொடுத்துவிட்டு வந்தார்கள். உங்கள் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று அன்றிலிருந்து காத்துக்கொண்டே இருந்தார்கள்.

கேட்க ஆள் வந்தது. வரவழைத்தது நான்தான். விசேஷக் காரணம் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தங்க அனுமதி கேட்டுப் பார்க்கலாம், கிடைப்பது சந்தேகம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இத்தாவை விட விசேஷமான காரணம் என்ன இருக்க முடியும் என்று நினைத்து, அறுபதாவது நாள் மனுப் போட்டேன். முப்பத்தைந்து நாள் கேட்டேன். அதற்கு வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள் என்று தெரியும். எப்போது வருவார்கள் என்று தெரியாது. உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்க வேண்டும். சொந்த வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று சொந்த உம்மாவுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு போலீஸ்காரர் வந்தார். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேலே மீட்டிங்கில் இருந்தேன். கீழே நடந்ததைப் பிறகு பக்கத்து வீட்டு மாமி எனக்கு வரிக்கு வரி சொன்னார். மாமி அவரை உட்காரவைத்து டீயும் வாடாவும் கொடுத்தார். உம்மா திரைக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க மகள் எங்கம்மா, வெளிய போயிருக்காங்களா?"

"வெளியவா? மேல ஆபீஸ்ல இருக்கா."

"எந்த ஆபீஸும்மா?"

"சிங்கப்பூர் ஆபீஸ்தான். கப்பல் கம்பெனி. காலையில ஆறரைக்கு ஏறினா மூணு மணிக்குத்தான் எறங்குவா. அவ கையெழுத்துப் போடாம அங்க ஒரு பெட்டி நகராது."

"டெய்லியுமா பார்க்கறாங்க?"

"வாப்பா மௌத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டா, அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு நாள் போடலை. சும்மா உக்காந்து சாப்பிடற புள்ளையில்லைங்க அது."

நான் இறங்கி வந்தபோது அவர் எழுதி முடித்து டீ தம்ளரை ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் உம்மா எழுந்து நிற்கிற நிழல் தெரிந்தது. காரியத்தைக் கச்சிதமாக முடித்துக் கொடுத்த திருப்தி குரலிலேயே இருந்தது. "எல்லாம் நான் சொல்லிட்டேன்மா, நீ போய் வேலையைப் பாரு" என்றார்கள்.

போலீஸ்காரர் என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டார். வேறு பேச்சாக, "வெளிநாட்டுக்காரங்க வந்து தங்கினா வீட்டுக்காரர் இருபத்துநாலு மணி நேரத்துல ஒரு ஃபாரம் கொடுக்கணும் மேடம். கொடுத்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரர் நான்தாங்க."

"தங்கியிருக்கறவங்க?"

"அதுவும் நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. தங்கியவர் பேர் ஒரு கட்டம், தங்கவைத்தவர் பேர் ஒரு கட்டம், இரண்டிலும் என் பேரையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். வந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் என்னைப் பற்றி நானே அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது ஒரு தப்பு என்று பிறகு என் ஃபைலில் அதையும் சேர்த்திருந்தார்கள்.

அடுத்த வாரம் மாவட்ட ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரிக்கு என் மகன் வயசைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். மேஜையில் என் ஃபைல், அதில் உம்மா சொன்னதெல்லாம் வார்த்தை பிசகாமல் இருந்தது. அவ கையெழுத்துப் போடாம ஒரு பெட்டி நகராது என்பது உட்பட.

"டூரிஸ்ட் விசாவுல வந்து வேலை பார்த்திருக்கீங்க."

"வேலை சிங்கப்பூர்ல இருக்கு சார்."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"என் வீட்டுல."

"வீடு எங்க இருக்கு?"

கோபத்தில் கேட்டேன், இப்படி உட்கார்ந்து பார்ப்பது குற்றமென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்று. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"குற்றம்னு நான் சொல்லலை மேடம். குற்றமில்லைன்னும் சொல்ல முடியலை. எங்களுக்கே தெளிவா ஒண்ணும் வரலை. தெளிவில்லாத ஒண்ணுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அந்தக் கார்டுக்கு இங்கிருந்தே மனுப் போடலாமா என்று கேட்டேன். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் போட முடியாது, திரும்பிப் போய் அங்கிருந்துதான் போட வேண்டும் என்றார். இத்தாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை, பொறுமையாகக் கேட்டார். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு ஆஸ்பத்திரி சர்டிபிகேட் இருந்தா சொல்லுங்க, எழுதிப் பார்க்கலாம்" என்றார். உம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. புருஷன் இறந்துபோனார், அவ்வளவுதான். அதற்கு எந்த ஆஸ்பத்திரியும் சர்டிபிகேட் கொடுப்பதில்லை.

மனு நிராகரிக்கப்பட்டது. தொண்ணூறு நாள் முடிவதற்குள் வெளியேற வேண்டும், இனி வருகிற மனுக்கள் இந்தக் குறிப்போடு சேர்த்துப் பரிசீலிக்கப்படும் என்று இரண்டே வரியில் கடிதம். நான் எத்தனையோ பெட்டிகளைத் திருப்பி அனுப்பி இதே மாதிரி இரண்டு வரி எழுதியிருக்கிறேன்.

உம்மாவிடம் காரணத்தைச் சொல்லியிருக்கவே கூடாது. சொன்னேன். நல்ல எண்ணத்தில் சொல்லவில்லை, ஆத்திரத்தில் சொன்னேன். "நீங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நான் இருந்திருப்பேன்" என்றேன். உம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. சொந்த வீட்டில் வேலை பார்ப்பது எப்படித் தப்பு, நம்ம ஊர்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் பொறுமையிழந்து, "உம்மா, இது எனக்கு வெளிநாடு. வாப்பாவுக்குப் பினாங்கு எப்படியோ அப்படி" என்றேன். அதன் பிறகு அவர்கள் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க திரைக்குப் பின்னாலேயே இருந்தார்கள், வீட்டில் ஆண் யாரும் இல்லாதபோதும்.

எண்பத்தொன்பதாவது நாள் கிளம்பினேன். எங்கள் ஊரில் கடல் தாண்டிப் போகிறவர்களை வாசல் வரை வந்து அனுப்புவது வழக்கம். வாசலில் டிரைவர் நின்றார். உம்மா வர முடியாது. திரையை லேசாக விலக்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வழியில யாராவது கேட்டா சும்மாதான் வந்தேன்னு சொல்லும்மா" என்றார்கள். திருச்சியில் முத்திரை குத்துகிறவர் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். சும்மா என்றேன்.

கார்டுக்கு மனுப் போட்டேன். என் ஃபைலில் உள்ள குறிப்பு காரணமாகக் கூடுதல் விசாரணை நடக்கிறது என்று பதில் வந்தது. இதை எழுதும் வரை அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

உம்மாவோடு தினமும் போனில் பேசினேன். இத்தா முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது ஒருநாள் அவர்கள் குரலில் பழைய தெம்பு இருந்தது. கிராம நிர்வாக அதிகாரி வந்துவிட்டுப் போனாராம். ஒரத்தநாட்டுப் பக்கம் வாப்பா வாங்கிப் போட்ட எட்டு மா நஞ்சை நிலத்துக்குப் பட்டா மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதற்கான விசாரணை.

"என்ன கேட்டாங்க உம்மா?"

"வாப்பாவுக்குப் புள்ளைங்க எத்தனைன்னு கேட்டாங்க. எங்க இருக்காங்க, என்ன வேலை பார்க்கறாங்கன்னு கேட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "இந்தத் தடவை உன்னை மாட்டி விடலைம்மா."

"என்ன சொன்னீங்க?"

"எங்களுக்குப் புள்ளையே இல்லைன்னு சொல்லிட்டேன்."

உம்மா தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார்கள். அவர் நம்பாமல் தெருவில் விசாரித்தாராம். மாமியிடம் கேட்டாராம், எதிர்வீட்டில் கேட்டாராம். உம்மா எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் ஒருத்தர்கூடப் பிசகவில்லையாம். நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டைப் அடித்து எந்தக் கப்பலை ஓட்டப் போகிறது என்று என்னைக் கேட்டவரும் அதில் ஒருவர்.

"சரியாச் சொன்னேனாம்மா?" என்று உம்மா கேட்டார்கள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க உம்மா" என்றேன்.